மார்ச் 10 ஏன் மார்ச் 9 ஆனது: ஒரு அட்டவணைப் பக்கத்தின் தேதிகளைச் சீர்செய்த பதிவு

நிகழ்ச்சி அட்டவணைப் பக்கம் ஒன்று இப்போது ஏழு லோகேல்களில், அதாவது மொழியும் நாடும் சேர்ந்த வழக்குகளில், ஓடுகிறது: அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டன் ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், எகிப்து அரபு, தாய்லாந்தின் தாய் மொழி, தமிழ். எந்த நேர மண்டலத்திலிருந்து திறந்தாலும் நாள் பிசகுவதில்லை. சர்வர் அனுப்பும் எழுத்தும் பிரவுசர் வரையும் எழுத்தும் ஒத்துப்போகின்றன. இந்த நிலைக்கு வருவதற்குள் மூன்று முறை தவறான வழியில் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. எது எங்கே உடைந்தது, எதை மாற்றியபின் நின்றது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறோம். கோட் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட். வேறு மொழியில் எழுதுபவர்களும் இதே குழிகளைத்தான் தாண்ட வேண்டியிருக்கும். அடியில் கிடக்கும் தரவு எல்லோருக்கும் ஒன்றுதான்: மொழிவாரி வடிவங்களுக்கு யுனிகோடின் சிஎல்டிஆர் தொகுப்பு, நேர மண்டலங்களுக்கு ஐயானா தரவுத்தளம்.

பழைய கோடில் தேதிக்கென்று மூன்று ஃபங்ஷன்கள் இருந்தன. மொழிக்கு ஒரு மாதப்பெயர் அரே (பட்டியல்), ஆக 7 மொழிக்கு 84 சொற்கள், எல்லாம் கையால் தட்டியவை. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கூட்டல் குறியால் ஒட்டுவதுதான் முறை. ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் 0இலிருந்து தொடங்கும். மூன்றில் இரண்டு ஃபங்ஷன்கள் 1 கூட்டின. மூன்றாவது கூட்டவில்லை, அதற்குப் பதில் அதை அழைக்கும் இடங்களில் கூட்டியிருந்தார்கள். இதைத் தொட்டுத் திருத்துவதைவிட எடுத்துவிடுவதே மேல் என்று முடிவானது.

முதல் முயற்சி, முதல் பிசகு

எல்லா இடத்திலும் பழைய ஃபங்ஷனை நீக்கிவிட்டு, டேட் ஆப்ஜெக்ட்டின் டூலோகேல்டேட்ஸ்ட்ரிங் மெத்தடை எந்த ஆர்க்யுமென்ட்டும் இல்லாமல் போட்டோம். அரை நாள் வேலை. உடனே இரண்டு கோளாறுகள் தெரிந்தன.

ஒன்று, ஆர்க்யுமென்ட் தராவிட்டால் பிரவுசரின் லோகேல்தான் எடுத்துக்கொள்ளப்படும், பக்கத்தின் மொழி அல்ல. ஜெர்மன் பக்கத்தை அமெரிக்க ஆங்கில பிரவுசரில் திறந்தால் வாக்கியம் ஜெர்மனில், தேதி 3/10/2024 என்று. ஜெர்மானியர் அதை அக்டோபர் 3 என்று படிப்பார். ஆகவே பக்கத்தின் லோகேலை எப்போதும் கையில் கொடுத்தே அழைக்க வேண்டும்.

கொடுத்தோம். அடுத்த கணமே ரேஞ்ச்எரர் என்ற பிழை. மொழிக்கும் நாட்டுக்கும் நடுவில் அடிக்கோடு போட்ட குறி டேட்டாபேஸில் கிடந்தது; சர்வர் பக்க மொழிகள் பலவற்றில் அதுதான் பழக்கம். தேதியை லோகேலுக்கு ஏற்ப எழுதித் தரும் ஜாவாஸ்கிரிப்டின் இன்டல் என்ற பகுதி அடிக்கோட்டை ஏற்காது, இணைப்புக்கோடுதான் வேண்டும். குறி நுழையும் ஒரே இடத்தில் மாற்றி வைத்தோம். வழியெங்கும் மாற்றிக்கொண்டே போகாதீர்கள், எங்காவது ஒன்று விட்டுப்போகும்.

இரண்டாவது கோளாறு பெரியது. 2024-03-10 என்று டேட்டாபேஸில் இருந்த நாள் நியூயார்க் மண்டலத்தில் மார்ச் 9 என்று வந்தது.

காரணம் இதுதான். வருடம்-மாதம்-நாள் என்று வெறும் தேதியாக ஒரு ஸ்ட்ரிங்கை டேட் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்தால் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மொழியின் விதி. அதே ஸ்ட்ரிங்கில் நேரத்தையும் சேர்த்து, மண்டலம் சொல்லாமல் விட்டால், அது உள்ளூர் நேரம். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு இரண்டு விதி. யுடிசி மார்ச் 10 நள்ளிரவில் நியூயார்க்கில் மார்ச் 9 மாலை 7 மணி. ஃபார்மட்டர் உள்ளூர் நாளைக் காட்டியது, அதன் வரையில் சரியாகவே. யுடிசிக்குக் கிழக்கே உட்கார்ந்து கோட் எழுதுபவர் கண்ணில் இந்தப் பிழை ஒருநாளும் படாது; மேற்கே இருப்பவருக்கு எல்லாத் தேதியும் ஒரு நாள் பின்தங்கும். சாய்கோடு போட்டு 03/10/2024 என்று கொடுத்தால் இன்னும் மோசம். அதை எப்படிப் படிப்பது என்று விதியே கிடையாது, ஒவ்வொரு எஞ்சினும் தன் போக்கில் படிக்கலாம்.

கோடுக்கு முன் ஒரு பட்டியல்

இந்த இடத்தில் கோடை நிறுத்திவிட்டு, பக்கத்தில் வரும் தேதி, நேர மதிப்புகளை எல்லாம் தாளில் எழுதினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. மூன்று வகைகள்தான் இருந்தன.

முதல் வகை கணம். பதிவு எப்போது உருவானது, பணம் எப்போது செலுத்தப்பட்டது என்பது போன்றவை. நடந்து முடிந்தவை. இவற்றை யுடிசியில் சேமித்து, பார்ப்பவரின் மண்டலத்தில் காட்டினால் போதும்.

இரண்டாவது வெறும் தேதி. பிறந்தநாள், விண்ணப்பத்தின் கடைசி நாள். இவற்றுக்கு மண்டலமே கிடையாது. எங்கிருந்து பார்த்தாலும் மார்ச் 10 மார்ச் 10தான். இவற்றை டேட் ஆப்ஜெக்ட்டில் அடைத்ததால்தான் நாள் நழுவியது. ஜாவாஸ்கிரிப்டின் டேட் என்பது 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிசெகண்டுகளின் எண்ணிக்கை. அதற்குக் கணம் மட்டும்தான் தெரியும். மருந்து எளிது: உள்ளே யுடிசி நள்ளிரவாகவே வைத்துக்கொண்டு, ஃபார்மட் செய்யும்போதும் டைம்ஸோன் என்ற ஆப்ஷனில் யுடிசி என்றே கொடுக்க வேண்டும். உள்ளே நுழைந்த கதவாலேயே வெளியே வந்தால் நாள் மாறாது. பிரவுசரின் தேதி உள்ளீட்டுப் பெட்டியும் இதற்குப் பொருந்தி வருகிறது: திரையில் எந்த வடிவில் காட்டினாலும் அதன் வேல்யு எப்போதும் வருடம்-மாதம்-நாள்தான்.

மூன்றாவது வகை எதிர்காலக் கடிகார நேரம். வரும் ஜூலை 1 மாலை 6 மணிக்கு, இந்த நகரத்தில் நிகழ்ச்சி. இதையும் யுடிசியாக மாற்றித்தான் பழைய டேட்டாபேஸ் வைத்திருந்தது. இது தவறு என்று ஒத்துக்கொள்ளவே எங்களுக்கு நேரம் பிடித்தது, ஏனென்றால் எல்லாவற்றையும் யுடிசியில் சேமி என்பது அப்படி ஊறிப்போன பாடம். மெக்சிகோவைப் பாருங்கள். 2022 அக்டோபரில் அந்த நாடு பெரும்பாலான பகுதிகளில் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 2023 ஜூலையில் மெக்சிகோ சிட்டியில் மாலை 6 மணி என்று ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருந்தால், அப்போதைய விதிப்படி யுடிசியிலிருந்து 5 மணி நேரம் பின்னே என்று கணக்கிட்டு 23:00 யுடிசி என்று சேமித்திருப்போம். விதி மாறியபின் 6 மணி நேரம் பின்னே. பக்கம் மாலை 5 மணி என்று காட்டும். அரங்கம் திறப்பதோ 6 மணிக்கு.

ஆகவே இந்த வகைக்கு டேட்டாபேஸில் இரண்டு நெடுவரிசை வேண்டும். கடிகாரம் காட்டும் நேரம் ஒன்று. ஐயானா மண்டலப் பெயர் ஒன்று, அமெரிக்கா/மெக்சிகோ_சிட்டி என்பது போல. +05:45 போன்ற வித்தியாச எண்ணைப் பெயருக்குப் பதிலாக வைக்கக் கூடாது, அதில் விதி அடங்கியிருக்காது. யுடிசி மதிப்பையும் வரிசைப்படுத்தத் தேவைப்பட்டதால் மூன்றாவது நெடுவரிசையாக வைத்தோம். ஆனால் அது கணக்கிட்டுப் பெற்றது. மண்டலத் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும். மொத்த வேலையில் பாதிக்கு மேல் நேரம் தின்றது இந்த நெடுவரிசைப் பிரிப்புதான். பழைய வரிசைகளில் மண்டலப் பெயரே இல்லை. நிகழ்விடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டியிருந்தது.

கடிகாரத்திலிருந்து கணத்துக்கு

இன்டல் ஒரு திசையில்தான் போகும்: கணத்தைக் கொடுத்தால் மண்டலத்தின் கடிகார நேரத்தைத் தரும். எதிர்த்திசையில், அதாவது நியூயார்க்கில் மாலை 6 என்றால் யுடிசியில் எத்தனை என்று அதைக் கேட்க முடியாது. லைப்ரரி சேர்க்காமல் செய்த வழி இது.

கொடுத்த கடிகார நேரத்தை முதலில் யுடிசி என்றே பாவித்து ஒரு கணம் உண்டாக்குங்கள். 2024 ஜூலை 1, 18:00 யுடிசி. அதை நியூயார்க் மண்டலத்தில் ஃபார்மட்டூபார்ட்ஸ் வழியே துண்டுகளாக வாங்குங்கள்: 14:00 வரும். வேண்டியதற்கும் வந்ததற்கும் 4 மணி நேரம் வித்தியாசம். அதைக் கூட்டினால் 22:00 யுடிசி. திரும்பவும் நியூயார்க்கில் பாருங்கள்: 18:00. பொருந்தியது. பொருந்தாவிட்டால் புதிய வித்தியாசத்தைக் கூட்டி இன்னொரு சுற்று. அதற்கும் பொருந்தாவிட்டால் அந்தக் கடிகார நேரமே அந்த நாளில் கிடையாது.

அப்படியும் உண்டு. 2024 மார்ச் 10 அன்று நியூயார்க்கில் அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3க்குத் தாவியது. 2:30 என்ற நேரம் இல்லவே இல்லை. நவம்பர் 3 அன்று 1:30 இரண்டு முறை வந்தது, ஒன்று 05:30 யுடிசியில், மற்றது 06:30 யுடிசியில். சமோவா 2011 டிசம்பர் 30 என்ற முழு நாளையே தாண்டிப்போனது. இல்லாத நேரத்தை உள்ளிட்டால் பதிவை நிறுத்தி வேறு நேரம் கேட்பது, இரண்டு முறை வரும் நேரத்துக்கு முதலாவதை எடுப்பது என்று வைத்தோம். வேறு முடிவும் எடுக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்றைக் கோடில் எழுதி வைக்க வேண்டும். சும்மா விட்டால் எஞ்சின் தானாகவே 2:30ஐ 3:30 ஆக்கிவிடும், யாருக்கும் தெரியாது.

இந்தச் சுற்றில் எங்களை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்த பிழை ஒன்று. நள்ளிரவு 12 மணிக்கு மட்டும் விடை 24 மணி நேரம் தள்ளிப்போனது. அமெரிக்க ஆங்கில லோகேலில் ஹவர்12 என்பதை ஃபால்ஸ் ஆக்கியிருந்தோம். அப்படிச் செய்தால் குரோமில் நள்ளிரவு 00:00 என்று வராமல் 24:00 என்று வரும். நாளோ புதிய நாளாகவே இருக்கும். 24ஐ மணி என்று எடுத்துக் கணக்கிட்டால் ஒரு நாள் கூடிவிடும். ஹவர்12ஐ எடுத்துவிட்டு ஹவர்சைக்கிள் ஆப்ஷனில் எச்23 (மணி 0 முதல் 23 வரை) என்று கொடுத்ததும் சரியானது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பயனில்லை: ஹவர்12 இருந்தால் ஹவர்சைக்கிளைக் கண்டுகொள்ளாது. அதோடு, கணக்குக்காகத் துண்டுகள் வாங்கும்போது லோகேல், காலண்டர், எண் முறை மூன்றையும் நிலையாகப் பூட்டி வையுங்கள்: அமெரிக்க ஆங்கிலம், கிரெகோரியன், 0 முதல் 9. பயனரின் லோகேலைக் கொடுத்தால் அடுத்து வரும் தாய்லாந்துக் கதை கணக்குக்குள்ளேயே நடக்கும்.

நாளைய தேதி வேண்டுமென்று 8,64,00,000 மில்லிசெகண்ட் கூட்டும் வரிகள் பழைய கோடில் நான்கு இருந்தன. மார்ச் 10 போன்ற நாளுக்கு 23 மணி நேரம்தான், நவம்பர் 3க்கு 25. நாள் எண்ணில் 1 கூட்டும்படி நான்கையும் மாற்றினோம்.

வடிவங்கள்

ஒவ்வொரு இடத்திலும் ஆப்ஷன்களைத் தனித்தனியே எழுதாமல், ஐந்து பெயருள்ள வடிவங்கள் மட்டும் என்று கட்டினோம்: குறுந்தேதி, முழுத்தேதி, நேரம், தேதியும் நேரமும், மண்டலப் பெயரோடு தேதியும் நேரமும். பக்கம் எழுதுபவர் இந்த ஐந்தில் ஒன்றைத்தான் எடுக்கலாம்.

டேட்ஸ்டைல், டைம்ஸ்டைல் என்ற இரண்டும் வசதியானவை. ஃபுல், லாங், மீடியம், ஷார்ட் என்று சொன்னால் போதும், மற்றதை லோகேல் பார்த்துக்கொள்ளும். தமிழில் லாங் கொடுத்தால் 10 மார்ச், 2024 என்று வரும். ஆனால் ஷார்ட் எடுக்கும் முன் யோசியுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் 3/10/24, ஜெர்மனில் 10.03.24, பிரிட்டனில் 10/03/2024. முதல் இரண்டில் ஆண்டு இரண்டு இலக்கம். அட்டவணையில் 3/10/24 என்று பார்ப்பவர் எது நாள், எது மாதம், எது ஆண்டு என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் குறுந்தேதிக்கு மீடியத்தை எடுத்தோம். பெரும்பாலான லோகேல்களில் மாதம் எழுத்தில் வருகிறது, ஐயம் போய்விடுகிறது. ஜெர்மனிலும் எகிப்து அரபிலும் மட்டும் மீடியமும் எண்தான், அங்கே அதுவே இயல்பு.

ஸ்டைல்களோடு வீக்டே, மன்த் போன்ற தனி ஆப்ஷன்களைக் கலந்தால் டைப்எரர். டைம்ஸோன்நேம் சேர்த்தாலும் அப்படியே. டைம்ஸ்டைலை லாங் ஆக்கினால் மண்டலப் பெயர் வரும், கூடவே விநாடியும் வரும். விநாடி வேண்டாம், மண்டலம் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் தனி ஆப்ஷன்களாகவே எழுதுவதைத் தவிர வழியில்லை. ஐந்தாவது வடிவத்தை அப்படித்தான் எழுதினோம்.

மண்டலத்தின் சுருக்கப் பெயரை நம்ப வேண்டாம். ஐஎஸ்டி என்பது இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் பொருந்தும். அதே கொல்கத்தா மண்டலத்துக்கு இந்திய ஆங்கில லோகேல் ஐஎஸ்டி என்று தரும், அமெரிக்க ஆங்கில லோகேல் ஜிஎம்டி+5:30 என்று தரும். எங்கும் ஒரே மாதிரி வேண்டுமென்று ஷார்ட்ஆஃப்செட் என்ற மதிப்பைப் பயன்படுத்தினோம், நகரத்தின் பெயரை அருகில் தனியே எழுதினோம்.

மினிட்டை மட்டும் தனியாக 2-டிஜிட் என்று கேட்டால் 05 வராது, 5 வரும். மணியோடு சேர்த்துக் கேட்டால்தான் 05.

ஒட்டுவதன் ஆபத்து

நாள் எண்ணைப் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் கோரிக்கை. இரண்டாவது தவறான வழி இங்கே. நாள், மாதம், ஆண்டு மூன்றையும் மூன்று முறை தனித்தனியே ஃபார்மட் செய்து, நாளைப் பெரிதாக்கி, மூன்றையும் ஒட்டினோம். ஆங்கிலத்தில் பார்க்க அழகு. ரஷ்ய மொழி தெரிந்தவர் பார்த்த உடனே தவறு என்றார். ரஷ்யனில் மார்ச் என்ற மாதம் தனியே நின்றால் மார்த். 10 என்ற எண்ணுக்குப் பின் வந்தால் வேற்றுமை ஏறி மார்தா ஆகும். தமிழில் மரம் மரத்தின் ஆவது போல. மாதத்தை மட்டும் கேட்டால் இன்டல் தனிநிலைச் சொல்லைத் தரும், நாளோடு சேர்த்துக் கேட்டால் ஏற்ற சொல்லைத் தரும். தனித்தனியே கேட்டு ஒட்டிய எங்களுக்கு எல்லாத் தேதியும் இலக்கணப் பிழையோடு வந்தது. அந்த 84 சொல் அரேயும் இத்தனை நாள் இதே பிழையோடுதான் இருந்திருக்கிறது.

திருத்தம்: முழுத் தேதியையும் ஒரே அழைப்பில் ஃபார்மட்டூபார்ட்ஸிடம் கேட்பது. அது வரிசையாகத் துண்டுகளைத் தரும், ஒவ்வொன்றிலும் வகையும் மதிப்பும் இருக்கும். வரிசையைத் தொடாமல், டே என்ற வகை வந்தால் மட்டும் அதைச் சுற்றி ஒரு டேக். நடுவில் வரும் புள்ளி, காற்புள்ளி, இடைவெளி எல்லாம் லிட்டரல் என்ற வகையில் வரும், அப்படியே விட வேண்டும்.

நேரத்திலும் இப்படி ஒரு வரிசை உண்டு. கொரிய மொழியில் முற்பகல், பிற்பகல் என்ற சொல் எண்ணுக்கு முன்னால் வரும். தமிழிலும் பிற்பகல் 3:30 என்றுதானே எழுதுகிறோம். எண்ணுக்குப் பின்னால் ஒட்டும் கோடை எங்கே பார்த்தாலும் அகற்றினோம்.

தாய் லோகேலில் ஆண்டு 2567 என்று வந்தது. பிழை அல்ல, தாய்லாந்தின் இயல்புக் காலண்டர் புத்த சகாப்தம், கிரெகோரியனோடு 543 கூட்ட வேண்டும். பயனர் பார்க்கும் இடத்தில் அதை அப்படியே விடுவதுதான் மரியாதை. ஆனால் ஏற்றுமதிக் கோப்பின் பெயருக்கும் அதே ஃபங்ஷனை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள், கோப்பெல்லாம் 2567 என்று பெயர் பெற்றது. பாரசீக லோகேலில் காலண்டரும் மாறும், எண்களும் மாறும். எகிப்து அரபில் கிரெகோரியன்தான், எண்கள் அரபு-இந்திய எண்கள்; எண் வடிவத் தேதியில் கண்ணுக்குத் தெரியாத வலம்-இடக் குறிகளும் கலந்து வரும். அந்த ஸ்ட்ரிங்கைச் சாய்கோட்டில் வெட்டி எண்ணாக மாற்ற முயன்ற ஒரு வரி எங்கள் கோடில் இருந்தது. வந்தது NaN என்ற மதிப்பு, எண் அல்ல என்பதன் குறி.

இந்த வேலை முழுக்க நாங்கள் பற்றிக்கொண்ட ஒரே விதி இதிலிருந்து பிறந்தது: லோகேல் ஃபார்மட் செய்த எழுத்து கண்ணுக்கு மட்டும். அதைப் படித்து மீண்டும் தேதியாக்கக் கூடாது, ஒப்பிடக் கூடாது, கீயாக வைக்கக் கூடாது, கோப்புப் பெயரில் சேர்க்கக் கூடாது. ஐஎஸ்ஓ வடிவம் (வருடம்-மாதம்-நாள்) வேண்டுமென்று சுவீடன் லோகேலையோ கனடா ஆங்கிலத்தையோ கொடுத்து ஏமாற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது, எங்கள் கோடிலும் இருந்தது. கனடா ஆங்கிலத்தின் எண் வடிவம் தரவுப் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பிரிட்டன் ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் மூன்று எழுத்திலிருந்து நான்கு எழுத்தானது, சிஎல்டிஆர் 38இல். மொழி வழக்கைத் திருத்துவது அவர்கள் வேலை, அதைச் சரியாகவே செய்கிறார்கள். இயந்திரத்துக்கு வேண்டிய வடிவத்தை நாம்தான் முன்னால் 0 நிரப்பும் பேட்ஸ்டார்ட் வைத்து நான்கு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சர்வரும் பிரவுசரும்

மூன்றாவது தவறான வழி, தேதியைச் சர்வரிலேயே ஃபார்மட் செய்து அனுப்பியது. பிரவுசர் அதே காம்பொனென்டை மறுபடி வரையும்போது எழுத்து ஒத்துப்போகவில்லை, அந்த வித்தியாசத்தைச் சொல்லும் ஹைட்ரேஷன் எச்சரிக்கை வரிவரியாக வந்தது. காரணம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது மண்டலம். சர்வர் யுடிசியில், பிரவுசர் வேறெங்கோ. இரண்டாவது தரவு. ஒரு பழைய சர்வரில், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் நோட் என்ற மென்பொருளின் 12ஆம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நோட் 13க்கு முந்தைய இயல்பு நிறுவலில் ஆங்கிலத் தரவு மட்டுமே உண்டு. ஜெர்மன் கேட்டால் பிழை எதுவும் சொல்லாமல் ஆங்கிலத்தில் தந்துவிடும். சப்போர்டட்லோகேல்ஸ்ஆஃப் என்ற மெத்தடைக் கேட்டால் உண்மை தெரியும். சர்வர் தொடங்கும்போதே ஏழு லோகேலையும் அதில் சோதித்து, ஒன்று இல்லாவிட்டாலும் நிற்கும்படி செய்தோம்.

மூன்றாவதுதான் மிகவும் அலைக்கழித்தது. இரண்டு பக்கமும் 3:30 பிஎம் என்றே இருந்தது. கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. எழுத்துக் குறிகளை ஒவ்வொன்றாக அச்சிட்ட பிறகே பிடிபட்டது: எண்ணுக்கும் பிஎம்முக்கும் நடுவில் ஒரு பக்கம் சாதாரண இடைவெளி, யு+0020, மறுபக்கம் குறுகிய பிரியா இடைவெளி, யு+202எஃப். 2022 அக்டோபரில் வந்த சிஎல்டிஆர் 42 ஆங்கில நேரத்தில் இந்த மாற்றத்தைச் செய்தது. அந்தத் தரவைச் சுமக்கும் ஐசியு என்ற லைப்ரரியின் 72ஆம் பதிப்பு வழியே அது நோட் 18.13க்கு வந்தது. பிரவுசர்களோ, தளங்கள் பல உடைந்ததால் பழைய இடைவெளிக்கே திரும்பின. நேரத்தை இடைவெளியில் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு டெஸ்ட்களும் இதனால்தான் விழுந்துகொண்டிருந்தன.

சர்வரில் அந்தக் குறியைச் சாதாரண இடைவெளியாக மாற்றும் ஒட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். ஓடியது, ஆனால் அடுத்த பதிப்பில் வேறொன்று மாறும். கடைசியில் வைத்த முறை: சர்வர், டைம் என்ற டேக்கின் டேட்டைம் பண்பில் ஐஎஸ்ஓ மதிப்பை எழுதும்; உள்ளே யுடிசி என்று வெளிப்படையாகக் குறித்த ஒரு முழுத்தேதி. பிரவுசரில் பக்கம் ஏறி முடிந்தபின் அந்தப் பண்பைப் படித்துப் பயனரின் மண்டலத்தில் எழுதும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் வாசிப்பவருக்குத் தவறான தகவல் போகாது. எழுத்து மாறும்போது பக்கம் குதிக்காமலிருக்க அந்த இடத்துக்குக் குறைந்தபட்ச அகலம் கொடுத்தோம். ரஷ்ய முழுத்தேதியை வைத்து அளந்தது.

பயனரின் மண்டலத்தை ரிசால்வ்ட்ஆப்ஷன்ஸ் மெத்தடிலிருந்து எடுத்துக் குக்கியில் வைத்தோம், இரண்டாம் வருகை முதல் சர்வருக்கே தெரியும். லோகேலைப் பார்த்து மண்டலத்தை ஊகிக்காதீர்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை. குக்கியில் வரும் பெயரை நேர் ஒப்பீடு செய்யவும் கூடாது: ஒரே மண்டலத்துக்கு ஒரு பிரவுசர் ஆசியா/கல்கட்டா என்றும் இன்னொன்று ஆசியா/கொல்கத்தா என்றும் தரலாம். கீவ் நகருக்கும் 2022 முதல் புதிய எழுத்துக்கூட்டல் உண்டு. பெயர் சரியா என்று பார்க்க அதை வைத்து ஒரு ஃபார்மட்டர் கட்டிப் பாருங்கள், தவறென்றால் ரேஞ்ச்எரர் வரும்.

வேகம் பற்றிச் சுருக்கமாக. 1,000 வரிசை, வரிசைக்கு 3 தேதி என்றால், டூலோகேல்டேட்ஸ்ட்ரிங் முறையில் 3,000 முறை ஃபார்மட்டர் கட்டப்படலாம். கட்டுவதுதான் செலவு, ஃபார்மட் செய்வது அல்ல. லோகேல், மண்டலம், வடிவப் பெயர் மூன்றையும் கீயாக வைத்து ஒரு மேப்பில் சேமித்தோம். அந்தப் பக்கத்துக்கு மூன்றே ஃபார்மட்டர்கள் போதுமானது. ஆனால் கூடவே ஒரு மாற்றமும் வரும். தவறான தேதிக்கு டூலோகேல்டேட்ஸ்ட்ரிங் இன்வாலிட் டேட் என்று எழுதிவிட்டுப் போய்விடும். இன்டல் ஃபார்மட்டரின் ஃபார்மட் மெத்தடோ ரேஞ்ச்எரர் வீசிப் பக்கத்தையே நிறுத்தும். மாற்றிய அன்றே வெற்று மதிப்புகளுக்குக் காவல் போட வேண்டும்.

நாள் வரம்புக்கு ஃபார்மட்ரேஞ்ச் இருக்கிறது, பொதுவான மாதத்தைத் தானே ஒருமுறை மட்டும் எழுதும். நேற்று, நாளை என்று காட்ட ரிலேட்டிவ்டைம்ஃபார்மட். நியூமெரிக் ஆப்ஷனை ஆட்டோ ஆக்கினால்தான் நேற்று என்று வரும், இல்லையேல் 1 நாளுக்கு முன். எந்த அலகு என்பதை அது முடிவு செய்யாது, நாளா மணியா என்று நாம்தான் கணக்கிட்டுத் தர வேண்டும். அதுவும் பயனரின் மண்டலத்து நாள் எல்லையை வைத்து: இரவு 11 மணிக்கு நடந்தது அதிகாலை 1 மணிக்கு 2 மணி நேரத்துக்கு முன்புதான், ஆனால் நேற்று.

சோதனைக்கு வைத்த மண்டலங்கள்: கிரிபாட்டியின் கிரிடிமாட்டி, +14. பாகோ பாகோ, -11. காத்மாண்டு, +5:45. நியூயார்க், கோடை மாற்றத்துக்கு. லார்ட் ஹோவ் தீவு, கோடை மாற்றமே அரை மணி நேரம் என்பதால். நோடை இயக்கும் முன் டிஇஸட் என்ற சூழல் மாறியில் மண்டலப் பெயரைக் கொடுத்தால் போதும். பிரவுசர் சோதனைக்கு பிளேரைட்டில் லோகேலும் மண்டலமும் ஆப்ஷனாகவே உண்டு. ஐந்து மண்டலம், ஏழு லோகேல், 35 ஓட்டம். சோதனைத் தேதிகளில் நாள் 12க்குள் உள்ள ஒன்றும் 12க்கு மேல் உள்ள ஒன்றும் வேண்டும். நாளும் மாதமும் இடம் மாறினால் ஒன்று அமைதியாக இருக்கும், மற்றது காட்டிக்கொடுக்கும். முழு ஸ்ட்ரிங்கை எதிர்பார்ப்பாக எழுதாமல், துண்டுகளில் நாள் 10தானா, ஆண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். தரவுப் பதிப்பு மாறினாலும் டெஸ்ட் விழாது.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவோம். மூன்று வகைப் பட்டியல் முதலில், டேட்டாபேஸ் நெடுவரிசை இரண்டாவது, ஃபார்மட் கடைசி. கடிகாரத்திலிருந்து கணத்துக்குப் போகும் அந்தச் சுற்றையும் கையால் எழுத மாட்டோம். டெம்பொரல் என்ற புதிய அமைப்பு ஃபயர்பாக்ஸ் 139 முதல் இருக்கிறது. அதில் வெறும் தேதிக்கு பிளெயின்டேட், மண்டலத்தோடு கூடிய நேரத்துக்கு ஸோன்ட்டேட்டைம் என்று வகைகள் பிரிந்தே இருக்கின்றன. இல்லாத நேரம் வந்தால் முன்னதா, பின்னதா, நிராகரிப்பதா என்று ஆப்ஷனிலேயே சொல்லலாம். இல்லாத பிரவுசர்களுக்குப் பாலிஃபில், அதாவது அதே வேலையைச் செய்யும் மாற்றுக் கோட், ஏற்ற வேண்டும். அதன் எடையை எங்கள் பக்கத்தில் அளந்தபின்தான் மாற்றுவோம்.

இன்னும் முடியாத ஒன்று மாதக் காலண்டர் கட்டம். வாரம் அமெரிக்காவில் ஞாயிற்றில் தொடங்கும், ஜெர்மனியில் திங்களில், எகிப்தில் சனியில். இன்டல் லோகேலில் வாரத் தகவல் இருக்கிறது, ஆனால் சில பதிப்புகளில் வீக்இன்ஃபோ என்ற ப்ராபர்ட்டியாக, புதியவற்றில் கெட்வீக்இன்ஃபோ என்ற மெத்தடாக. இரண்டையும் தேடிப் பார்த்து, இரண்டும் இல்லாவிட்டால் நாமே எழுதி வைத்த ஏழு வரிப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி இப்போதைக்கு விட்டிருக்கிறோம்.